தர்ட்டி செவனின் நூறு சதவீத வருகை

ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். பார்த்தது மட்டுமா, அவளோடு ஒரே அறையில் நாலு மாதம் குப்பை கொட்டியிருக்கிறேன். காலை பத்தேகால் மணிக்கு அவள் திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. பிசிக்ஸ் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம் இருப்பாள். அதே பத்தேகாலுக்கு ஊரின் இன்னொரு கோடியில், ஒரு ஐ.டி.ஐ. ஒர்க்‌ஷாப்பில், நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு செம்புக் குழாயை வளைத்துக்கொண்டும் இருப்பாள். நடுவில் இரண்டு பஸ் மாற வேண்டும். அவள் எந்த பஸ்ஸிலும் ஏறியதாகத் தெரியவில்லை.

அவளுடைய நிஜப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. வருகைப்பதிவேட்டில் அவள் எண் முப்பத்தேழு. நான் முப்பத்தாறு. எங்கள் வகுப்பாசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ரகம் இல்லை. உள்ளே வருவார், பதிவேட்டைத் திறப்பார், தலையைக் குனிவார், "ஒன், டூ, த்ரீ" என்று ஆரம்பித்து அறுபதில்தான் மூச்சு விடுவார். அதற்குப் பிறகும் தலை நிமிராது. பாடத்தை மேஜைக்கே நடத்திவிட்டுப் போய்விடுவார். அவருக்கு நாங்கள் எல்லோரும் வெறும் குரல்கள். அதனால் அவள் கல்லூரியில் தர்ட்டி செவன், ஹாஸ்டலிலும் தர்ட்டி செவன்.

ஹாஸ்டல் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஸ்ரீவராகத்தில் ஓர் அக்ரஹாரத்து வீடு. ரயில்பெட்டி போல நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும். அதை வார்டன் மாமி பன்னிரண்டு பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். நான் நாகர்கோவிலிலிருந்து வந்தவள். அவள் பொன்முடி மலை எஸ்டேட்டிலிருந்து. அப்பா தேயிலை ஃபாக்டரியில் இலை காய வைக்கிற டிரையரில் வேலை. ஒரு பெட்டி, ஒரு குடை, அப்பா, மூன்றோடும் வந்து இறங்கினாள். முதல் நாள் கை குலுக்கினேன், வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். ஃப்ரீசரிலிருந்து எடுத்த மீன் மாதிரி இருந்தது கை. நல்ல உச்சி வெயிலில் நின்றாலும் அந்தக் கை அப்படித்தான் இருக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

வந்த இரண்டாம் நாளே மாமியின் ஃப்ரிட்ஜில் கை வைத்தாள். மாமியின் ஃப்ரிட்ஜுக்கு ஒரு சரித்திரம் உண்டு. தினமும் சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் அது முனகும். சாதாரண முனகல் இல்லை. வயிற்றுவலிக்காரப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு அழுவது போல, மெல்ல ஆரம்பித்து ஏறி, விக்கி நிற்கும். ஹாஸ்டலில் யாரும் அந்த நேரம் சமையலறைப் பக்கம் போவதில்லை. மாமி மட்டும் அதற்கு ஒரு பூ வைத்திருந்தார்.

தர்ட்டி செவன் ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் காதை ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்து நிமிடம் அசையவில்லை. எங்களுக்கு வேர்த்துவிட்டது. பிறகு காலண்டர் அட்டையைக் கிழித்து மடித்து ஒரு காலுக்கடியில் செருகினாள். முனகல் நின்றது.

மாமி சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முகம் வெளுத்துவிட்டது. "என்னடி பண்ணினே? எங்கே போச்சு அது?"

"எதுவும் போகல மாமி. கால் சமமா இல்ல, அதான் சத்தம்."

"பத்து வருஷமா இருந்துண்டிருந்தது. இப்போ இங்கேர்ந்து கிளம்பி யார் ரூமுக்குப் போயிருக்கோ!" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு ஒவ்வோர் அறை வாசலிலும் திருநீறு போட்டார். அன்றிலிருந்து மாமிக்கு அவள் மேல் ஒரு கண்.

அவள் எப்படி இரண்டு இடத்தில் இருந்தாள் என்பதற்கு வருகிறேன். அந்த வருஷம் அவளுக்கு இரண்டு சீட் கிடைத்திருந்தது. கல்லூரியில் பிசிக்ஸ். ஐ.டி.ஐ.யில் ஏ.சி., ஃப்ரிட்ஜ் மெக்கானிக் டிரேடு. அப்பாவுக்குக் கல்லூரிதான். எஸ்டேட் லயத்து வீடுகளில் டிகிரி வாங்குகிற முதல் பிள்ளையாகத் தன் மகள் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆசையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவள் கறுப்பு அங்கி போட்டுப் பட்டம் வாங்குகிற போட்டோவுக்காக சாலைக் கடைத்தெருவில் பெரிய ஃப்ரேம் ஒன்று வாங்கிப்போய் இப்போதே சுவரில் மாட்டிவிட்டார். கீழே ஒரு சின்ன சிவப்பு பல்பும் எரியவிட்டிருந்தார். உள்ளே ஒன்றுமில்லை, கண்ணாடியும் வெள்ளை அட்டையும்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் குரலைத் தாழ்த்தி, "யாரு தவறிட்டாங்க?" என்று கேட்டார்களாம்.

"லீவுக்குப் போனா அந்த ஃப்ரேமுக்கு எதிர்லதான் சோறு திங்கணும்" என்றாள் என்னிடம். "கண்ணாடில என் மூஞ்சி லேசா தெரியும். கீழ சிவப்பு லைட்டு. நான் செத்து மூணாம் நாளு நானே வந்து சாப்பிடற மாதிரி இருக்கும்."

கல்லூரியில் சேர்ந்த கையோடு, சீட் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க ஐ.டி.ஐ.க்குப் போயிருக்கிறாள். ஒர்க்‌ஷாப்பில் அப்போது ஒரு மெஷினில் கேஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெறும் செம்புக் குழாய் மேல் வெள்ளையாகப் பனி படர்ந்ததாம். "நான் பொறந்ததே பனியிலதான். ஆனா பனிய குழாய்க்குள்ள புடிச்சு வச்சிருக்கறத அன்னிக்குத்தான் பாத்தேன்" என்பாள். எழுதிக் கொடுக்க வந்தவள் அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மாற்றுச் சான்றிதழ், அதுதான் டி.சி., அது கல்லூரியில் மாட்டியிருந்தது. உலகத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு டி.சி.தான். இரண்டு இடத்திலும் கேட்பார்கள். ஐ.டி.ஐ.யில், "சரி, ஒரு மாசத்துக்குள்ள கொண்டு வா" என்று தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார்கள். கல்லூரியிலிருந்து அதைத் திரும்ப வாங்க வேண்டுமானால் அப்பா கையெழுத்து வேண்டும். அப்பாவோ ஃப்ரேமுக்கு பல்பு மாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஆகவே அவள் தினமும் ஐ.டி.ஐ.க்குப் போனாள். லேப் உள்ள மத்தியானம் மட்டும் ஓடி வந்து கல்லூரியில் தலையைக் காட்டுவாள். மற்ற நாளெல்லாம் "தர்ட்டி செவன்?" என்று சார் கேட்கும்போது "பிரசன்ட் சார்" என்று சொன்னது அடியேன்.

முப்பத்தாறுக்குச் சொந்தக் குரல். முப்பத்தேழுக்குக் கொஞ்சம் மெல்லிசாக, மூக்கால், பெஞ்சுக்கடியில் குனிந்து. முதல் வாரம் சொல்லிவிட்டு இருமி மழுப்பினேன். மூன்றாவது வாரம் எனக்கே அந்தக் குரல் பிடித்துப்போய்விட்டது. கொஞ்சம் தயங்கி, கொஞ்சம் பயந்து, நல்ல பிள்ளையாக ஒரு "பிரசன்ட் சார்". அதை நான் சொல்கிறேனா, அது தானாக வருகிறதா என்றே சில நாள் சந்தேகமாக இருக்கும்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் வகுப்பில் சிவகாமி என்று ஒருத்தி. சாலைக் கடைத்தெருவில் அவள் அப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. கடைசி பெஞ்சில் உட்காருவாள். ஒரு நாள் என்னிடம் ஒரு பேனாவை நீட்டி, "இத தர்ட்டி செவன்கிட்ட கொடுத்துடு, கேட்டியா. நேத்து க்ளாஸ்ல கடனா வாங்கினேன்" என்றாள்.

"நேத்தா? நேத்து அவ..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நேத்துதான். மஞ்ச சுரிதார் போட்டிருந்தாளே. பேனா எடுத்தப்போ கை பட்டது. எந்தொரு தணுப்பு! ஐஸ் மாதிரி."

நேற்று தர்ட்டி செவன் வகுப்பில் இல்லை. அவளிடம் மஞ்சள் சுரிதாரும் இல்லை. ஆனால் பேனா அவளுடையதுதான். மூடியில் அவள் பல்லுக் கடித்த தழும்பு இருந்தது. ராப்பகலாகத் தேடிக்கொண்டிருந்த பேனா. அறைக்குப் போய் அவள் கையில் கொடுத்தேன். விஷயத்தையும் சொன்னேன். அவள் பேனாவை வாங்கவில்லை. மேஜை மேல் வைக்கச் சொல்லி ஒரு நாள் முழுக்கத் தள்ளி நின்று பார்த்தாள்.

அப்புறம் ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருத்தி அவள் லைப்ரரி மாடிப்படியில் ஏறுவதைப் பார்த்தாளாம். இன்னொருத்தி கேன்டீனில் அவள் சுகியன் வேண்டாம் என்றதைக் கேட்டாளாம். நான் கொடுத்தது ஒரு குரல் மட்டும்தான். அதற்கு உடம்பு முளைத்து, சுரிதார் தைத்துப் போட்டுக்கொண்டு, தின்பண்டத்தில் விருப்பு வெறுப்பும் வந்துவிட்டது.

இந்த லட்சணத்தில் எனக்கு ஒரு நாள் காய்ச்சல். போர்த்திக்கொண்டு ஹாஸ்டலில் படுத்துவிட்டேன். முப்பத்தேழுக்கும் இன்று ஆப்சென்ட்தான், தொலையட்டும், என்று இருந்தேன். சாயங்காலம் சிவகாமி போன் செய்தாள். "நீ வந்திட்டில்லையே? சார் தர்ட்டி சிக்ஸ் விளிச்சப்போ யாரும் மிண்டல. ஆப்சென்ட் போட்டாரு."

"தர்ட்டி செவன்?" என்று கேட்டேன்.

"அவ பிரசன்ட் சொன்னாளே."

போனைக் கீழே வைத்தேன். காய்ச்சல் இறங்கி, வேறு ஒரு குளிர் ஏறியது. அந்த நேரத்தில்தான் சமையலறையில் பாத்திரம் உருளுகிற சத்தமும், சமையல்கார அம்மிணி சேச்சியின் "எண்டம்மே!" என்கிற அலறலும் கேட்டன.

இங்கே கேரளத்து யட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அந்தி நேரத்தில் வழியில் நின்று, போகிறவர் வருகிறவரிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். கையால் கொடுத்தவன் காலி. இரும்பு முனையில் வைத்து நீட்டினால் தப்பிக்கலாம். அம்மிணி சேச்சி சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவர். அன்றைக்கு அந்தியில் கொல்லைக் கதவு திறந்தது. தலை கலைந்து, உதடு ஒன்று வாழைப்பூவாக வீங்கி, ஒரு கண் மூடி, தர்ட்டி செவன் வந்து நின்று, பேச வராமல், "ச்சேச்சி, கொஞ்சம் சுண்ணாம்பு" என்று கேட்டிருக்கிறாள்.

சேச்சி விழுந்த இடத்திலேயே கிடந்தார். மாமிதான் தைரியசாலி. கண்ணை இறுக மூடிக்கொண்டு, தோசைத் திருப்பியின் நுனியில் சுண்ணாம்பை வைத்து, கையை எட்டின மட்டும் நீட்டி, "எடுத்துண்டு போயிடும்மா. இங்கே எல்லாரும் பரீட்சைக்குப் படிக்கற கொழந்தைகள்" என்றார்.

தர்ட்டி செவன் அதை எடுத்து உதட்டில் தடவிக்கொண்டாள். ஒர்க்‌ஷாப்பில் பழைய ஏ.சி.யின் வெளிப்பெட்டியைத் திறந்திருக்கிறாள். உள்ளே குளவிக்கூடு. கொட்டிவிட்டது. அவ்வளவுதான் சமாசாரம். ஆனால் கொட்டிய நேரத்தைக் கேட்டதும் நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பத்தேகால். சார் பதிவேட்டைத் திறக்கிற நேரம்.

அன்றைக்கு முதல்முறையாக அவள் அழுது பார்த்தேன். "எனக்கு ரெண்டும் வேண்டாம்டி. ஒண்ணுதான் வேணும். எதுன்னும் தெரியும். ஆனா அப்பா மூஞ்சியப் பாத்து அத சொல்ல முடியல. சொன்னா அந்த ஃப்ரேம கழட்டணும். நாளைக்கு டி.சி. கொண்டு வரலன்னா பேர அடிச்சிருவேன்னுட்டாரு அங்க சார். மூணு தவண கொடுத்தாச்சு, இனி இல்லயாம்." வீங்கிய உதட்டோடு அவள் சொன்னது சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அது எப்போதும்போலச் சில்லென்றுதான் இருந்தது.

"இனிமே எனக்காக பிரசன்ட் சொல்லாத. பயமா இருக்கு" என்றாள். சரி என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவள் கையில் டி.சி. இல்லாமலே ஐ.டி.ஐ.க்குப் போனாள். கடைசி நாளை அங்கே கழித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அதே வெள்ளிக்கிழமையா அவள் அப்பா பொன்முடியிலிருந்து இறங்கி வர வேண்டும்! அங்கிருந்து பஸ் கிடைப்பதே அபூர்வம். அன்றைக்குப் பார்த்துக் கிடைத்துவிட்டது. மகளைப் பார்க்க நேராகக் கல்லூரிக்கு வந்தவர், வகுப்பாசிரியரிடம் போய் நின்றிருக்கிறார்.

சார் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து நெகிழ்ந்துபோனார். "தர்ட்டி செவனா? வெரி ரெகுலர் குட்டி! ஃபுல் அட்டென்டன்ஸ். ஒரு நாள்கூட மிஸ் இல்ல. வாங்க, க்ளாஸ்லதான் இருப்பா, பாத்துட்டுப் போங்க" என்று கையோடு கூட்டிவந்துவிட்டார்.

வாசலில் குடையோடு நின்ற அவரை நான் பார்த்தேன். சார் மேஜைக்குப் போய், பதிவேட்டைத் திறந்து, தலையைக் குனிந்தார். "ஒன்." அப்பா ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தார். "தர்ட்டி சிக்ஸ்." எப்படியோ சொல்லிவிட்டேன். "தர்ட்டி செவன்."

நான் வாயைத் திறக்கவில்லை. யார் மேல் வேண்டுமானாலும் ஆணையிட்டுச் சொல்வேன். பல்லைக் கடித்துக்கொண்டு, கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பிரசன்ட் சார்."

என் வலது பக்கத்திலிருந்து வந்தது. மூன்றாவது பெஞ்ச், ஜன்னலோரம். அங்கே வெயில் ஒரு துண்டு விழுந்து கிடந்தது. வேறு ஒன்றுமில்லை. என் வலது கை முழுக்க மயிர் குத்திட்டு நின்றது. சார் டிக் அடித்துவிட்டு "தர்ட்டி எய்ட்" என்றார்.

அப்பாவுக்கும் கேட்டுவிட்டது. அந்த வெயில் துண்டையே பார்த்தார். பிறகு வராந்தாவில் நடந்து போனார். நான் எழுந்து பின்னாலேயே ஓடினேன். அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சார் நிமிர்ந்திருக்கப்போவதில்லை.

"புள்ள எங்கம்மா?" என்றார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இரண்டு பஸ் மாறிப் போனோம். வழியெல்லாம் குடையைத் தலைகீழாகப் பிடித்திருந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

ஒர்க்‌ஷாப்புக்கு வெளியே கம்பி ஜன்னல் ஒன்று இருந்தது. உள்ளே நீலக் கோட்டில் தர்ட்டி செவன். கண்ணில் பெரிய கறுப்புக் கண்ணாடி, கையில் நெருப்பு. குழாயைப் பற்றவைத்துக்கொண்டே யாரையோ விரட்டிக்கொண்டிருந்தாள். "எடா, அது நேரே பிடிக்கடா! நாலு தடவ சொல்லியாச்சு!" அந்தக் குரல் ஜன்னலைத் தாண்டி ரோட்டுக்குக் கேட்டது. ஹாஸ்டலில் நான் ஒருநாளும் கேட்டிராத குரல்.

அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "அங்க கேட்டதும் எம் புள்ள குரலுதாம்மா" என்றார். "சின்னதுல ஏதாச்சும் ஒடச்சிட்டு, நான் கூப்பிட்டா, கதவுக்குப் பின்னாடி நின்னு அப்பிடித்தான் பதிலு சொல்லும். பயந்து பயந்து. நான்தான் அத வளத்து வச்சிருக்கேன்னு இப்பதான் தெரியுது." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மகள் திரும்பினாள், பார்த்தாள், கையிலிருந்த குறடு காலில் விழுந்தது. ஓடி வந்து ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். "அப்பா, நான்..."

"டி.சி. வாங்க யாருகிட்ட கையெழுத்து போடணும்?" என்றார் அப்பா.

கையெழுத்துப் போட்டும் சுலபமாகக் கிடைக்கவில்லை. எங்கள் சார் குறுக்கே விழுந்தார். இவ்வளவு ரெகுலரான பிள்ளையை எப்படி விடுவது என்றார். "அவளைக் கூப்பிடுங்கோ, நான் பேசிப் பாக்கறேன்" என்றார். அவள் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தாள். அந்த வருஷத்திலேயே முதல்முறையாக சார் தலையை நிமிர்த்தினார். "நீ யாரு?"

"தர்ட்டி செவன், சார்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "வாய்ஸ் இது இல்லல்லோ" என்றார். வேகமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். சாயங்காலம் நாலு மணிக்குள் டி.சி. ஐ.டி.ஐ.க்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாளிலிருந்து பதிவேட்டில் முப்பத்தேழுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு. சார் முப்பத்தாறிலிருந்து முப்பத்தெட்டுக்குத் தாண்டிவிடுவார். தாண்டும்போது ஒரு நொடி நிறுத்துவார். வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும். ஒன்றும் வராது. மூன்று வருஷம் முடிகிறவரை அந்த ஜன்னலோரத்தில் யாரும் உட்காரவில்லை. நான் மட்டும் சில நாள் பையை அங்கே வைத்துவிட்டு, அவசரமாக எடுத்துக்கொள்வேன்.

பொன்முடி வீட்டு ஃப்ரேமில் இப்போது நீலக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக அவள் படம் இருக்கிறது. சிவப்பு பல்பை அவளே கழற்றிவிட்டு நல்ல வெள்ளை பல்பு போட்டாள். யார் தவறிவிட்டார்கள் என்று இப்போது யாரும் கேட்பதில்லையாம். ஏரோப்ளேன் ஓட்டுகிற பிள்ளையா என்று கேட்கிறார்கள். அப்பாவும் மறுப்பதில்லை.

நான் படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்த ஆபீஸில் ஒரு நாள் ஏ.சி. ரிப்பேர். கம்பெனியிலிருந்து வந்து ஏணியில் ஏறி நின்றது அவள். இறங்க வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, இத்தனை நாள் தொண்டையில் நின்றதைக் கேட்டேன். "அன்னைக்கு யாருடி பிரசன்ட் சொன்னது?"

டீயை ஊதிக்கொண்டே இருந்தாள். "நீ சொல்லலேன்னா எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு. தெனமும் பத்தேகாலுக்கு அங்க ஒர்க்‌ஷாப் கடிகாரத்தப் பாப்பேன். பாத்துட்டு வாய்க்குள்ளயே 'பிரசன்ட் சார்'னு சொல்லிப்பேன். அப்பாவுக்காக. ஒரு நாளும் விட்டதில்ல."

"குளவி கொட்டின அன்னிக்குமா?"

"சொல்ல வாயத் தொறந்தப்பதானே உதட்டுல கொட்டிச்சு."

அவள் ஷார்ஜாவுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அங்கே பெரிய பெரிய கட்டிடங்களைக் குளிரவைத்துக்கொண்டிருக்கிறாள். வேலை மும்முரத்தில் போன் வருவது குறைந்துவிட்டது. எனக்குக் கோபம் இல்லை, ஏக்கம்தான். ஆபீஸில் அவள் சரிசெய்த ஏ.சி.க்குக் கீழேதான் என் நாற்காலி. தினமும் பத்தேகாலுக்கு, யாரும் பார்க்காதபோது, தலையைக் குனிந்துகொண்டு "தர்ட்டி செவன்?" என்று மெதுவாகக் கூப்பிட்டுவிட்டு ஒரு நொடி காத்திருக்கிறேன். இதுவரை பதில் வரவில்லை. வந்தால் இந்த முறை பயப்பட மாட்டேன்.